கண்ணாடியில் பதியாத கை

“ஏங் கண்ணு, இது எதைப் பாக்குது?”

நாகலூரை அடுத்த எங்கள் காப்பி எஸ்டேட்டுக்கு வருகைப் பதிவுக்காக விரல் வைக்கும் கருவி வந்த முதல் நாள். பழம் பறிப்பு தொடங்கியிருந்த நேரம். ஆபீஸ் வராந்தாவில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கலாவதியக்காவின் முறை வந்தபோது அவர் விரலை நீட்டவில்லை. முதலில் இதைத்தான் கேட்டார்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான், விரலில் இருக்கும் ரேகையைப் பார்க்கிறது என்றேன்.

“அதுக்குக் கண்ணு எங்க இருக்குது?”

கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு சின்ன கேமராவும் இருக்கின்றன என்றேன். ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் வெளிச்சம் திரும்பி வராது, அங்கே இருட்டாகத் தெரியும். பள்ளம் கண்ணாடியைத் தொடாது, அதனால் அங்கே வெளிச்சம் திரும்பிவிடும். இப்படிக் கறுப்பும் வெளுப்புமாக ஒரு படம் கிடைக்கும்.

“அப்ப போட்டோ.”

போட்டோவை அது வைத்துக்கொள்வதில்லை என்றேன். எந்த இடத்தில் ஒரு கோடு முடிகிறது, எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று தேடி, அந்த இடங்களை எண்களாக மாற்றிக்கொள்ளும். எண்களை வைத்துக்கொண்டு படத்தை விட்டுவிடும். நாளைக்கு விரல் வைத்தால் புது எண்களைப் பழைய எண்களோடு சேர்த்துப் பார்க்கும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப என்ற வெரலு அதுக்குள்ள இருக்காது. கணக்குத்தான் இருக்கும்.”

“ஆமாங்க்கா.”

“கணக்கு தப்பிப்போச்சுன்னா?”

பின்னால் நின்ற அவருடைய சிநேகிதி அற்புதம் முந்திக்கொண்டார். “தப்பிப்போச்சுன்னா உன்னையச் சேலம் பஸ்ஸுல ஏத்தி உட்ருவாங்க. வெரல வை கலா. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கறாப்ல நிக்காத.”

வரிசை சிரித்தது. கலாவதியக்காவும் சிரித்துக்கொண்டே விரலை வைத்தார்.

கருவி அதை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். அழுத்தி வைத்தார். நாலைந்து முறைக்குப் பிறகு ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் என் திரையில் அவர் விரல் பனி மூடிய சாலை போலத்தான் தெரிந்தது. கோடுகள் அங்கங்கே தலைகாட்டி மறைந்தன. கருவிக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. அவரை அது மிகக் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டு பதிவுசெய்துகொண்டது.

அன்று எல்லாப் பெண்களின் கைகளும் சுத்தமாக இருந்ததுதான் சிக்கல். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சாறு விரலில் ஏறிக் கறுத்து, ரேகையின் பள்ளங்களில் பிசினாக உட்கார்ந்துவிடும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது கறைக் கையோடு சாமி இருக்கும் குகைக்குள் நுழையக் கூடாது என்பது, எஸ்டேட் குடியிருப்பான எங்கள் லைன் பெண்களின் வழக்கம். முந்தின நாள் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, செங்கல் துண்டால் தேய்த்துக் கறையை எடுப்பார்கள். அதில் ரேகையும் கொஞ்சம் தேய்ந்துபோகும். கம்ப்யூட்டர் கையைப் படம் எடுக்கப்போகிறது என்று, வருகையும் வேலைக் கணக்கும் எழுதும் ரைட்டர் சொன்னதும், கோயிலுக்குப் போவதுபோல் எல்லாரும் அதையே செய்துவிட்டு வந்திருந்தார்கள். மற்றவர்களுக்குச் சில நாளில் ரேகை தெளிந்துவிட்டது. கலாவதியக்காவுக்குத் தெளியவில்லை. காப்பிச் செடியில் இலைத்துரு வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடிப்போம். அந்தச் சுண்ணாம்பை டிரம்மில் கரைக்கும் வேலை கல்யாணமான நாளிலிருந்து அவருடையது. மேடும் பள்ளமும் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தன.

கலாவதியக்கா அந்த எஸ்டேட் லைனில்தான் பிறந்தார். தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். கணவர் சின்னையன் நிழல் மரங்களின் கிளை கழிக்கப் போய், மழை நாளில் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும். மகள் சசிரேகாவை மாரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே மாமனார் மாமியாரோடு ஒற்றை அறை வீடு.

எஸ்டேட்டுக்கு மேனேஜர் மாறும்போதெல்லாம் கலாவதியக்கா தன் வீட்டில் வேறொரு சேவலுக்கோ கோழிக்கோ மேனேஜர் என்று பெயர் வைப்பார். “மேனேஜரு நேத்துல இருந்து தீனி எடுக்கலை” என்று காப்பிக் காட்டுக்குள் சத்தமாகச் சொல்வார். மேஸ்திரி சக்திவேல் திரும்பிப் பார்ப்பார். பெண்கள் செடிக்குள் குனிந்துகொள்வார்கள்.

கருவிக்கும் அவர்தான் பெயர் வைத்தார். விரல் பதியாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து, “மீண்டும் முயற்சிக்கவும்” என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதனால் செவப்பி.

“செவப்பிக்கு வேற பேச்சே வராது. இவளைக் கட்டிக் கூட்டியாந்த மகராசன் எந்தூருக்காரனோ.”

தொடக்கத்தில் அவருக்குச் சிவப்பு எரிந்தால் ரைட்டர் ராஜ்குமார் தாளில் குறித்துக்கொள்வார். அவர் குறித்துக் கொடுப்பதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். தைக்குள் அந்த வழியை மூடிவிட்டார்கள். கம்பெனியின் வேறொரு எஸ்டேட்டில் இல்லாத ஆட்களைக் கையால் ஏற்றியிருந்தார்களாம். இனி விரல் பேசினால்தான் ஆள் வந்ததாகும் என்று தலைமை ஆபீஸ் சொல்லிவிட்டது.

தன் கையில்தான் அழுக்கு இருக்கிறது என்று கலாவதியக்கா முடிவு செய்துகொண்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் குழாயடியில் உட்கார்ந்து சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துத் தேய்ப்பார். தேயத் தேயக் கருவிக்கு அவர் இன்னும் தெரியாமல் போனார். பதியாததால் மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

தேய்க்காதீர்கள் என்று நான் சொன்னேன். அதுதான் ரேகையை எடுத்துவிடுகிறது என்று விளக்கினேன்.

“அழுக்குக் கையக் காட்டுனா அது என்னன்னு நெனைக்கும் கண்ணு?”

“அது நினைக்காதுங்க்கா.”

“நெனைக்காததுக்கு என்னைய மட்டும் எதுக்கு வேண்டாங்குது?”



பறிப்பு நாட்களில் சாயங்காலம் மூட்டையை எலெக்ட்ரானிக் தராசில் மாட்டுவோம். பாரத்தில் உள்ளே ஒரு உலோகத் துண்டு துளி வளையும். அந்த வளைவு மின்சாரத்தில் ஒரு மாற்றமாகி, எண்ணாகித் திரையில் ஏறும். தராசு அவர் மூட்டையைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் காலையில் வராதவர் பெயரில் கம்ப்யூட்டர் எடையை ஏற்காது. அதனால் அவர் பழம் அற்புதத்தின் பெயரில் போனது. அற்புதம் அதற்கு ஈடாகச் சனிக்கிழமை அரிசியும் பருப்பும் வாங்கி அவர் வீட்டில் வைப்பார்.

“மாசத்துல நாந்தான் மொத ஆளா வருவேன் போல. ரைட்டரு எனக்குச் சால்வ போடோணும்” என்பார் அற்புதம்.

“போடுவாங்க. போத்திக்கிட்டு ரெண்டு பேரு மூட்டையும் தூக்கு” என்பார் கலாவதியக்கா.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தோம். ஈரத் துணியில் ஒற்றினோம். அதிகம் ஈரமானால் பள்ளமும் நிரம்பி முழு விரலும் கறுப்பாக விழும். காய்ந்தால் மேடு கண்ணாடியைச் சரியாகத் தொடாமல் வெளுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதற்கு அவர் விரல் வந்து நிற்கவில்லை. பத்து விரலையும் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் முந்தானை வெளுத்தது.

தலைமை ஆபீஸில் கருவியைக் கவனிக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். எவ்வளவு பொருந்தினால் போதும் என்ற அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். குறைத்தால் ஒருவர் விரலை இன்னொருவருடையது என்று கருவி எடுத்துக்கொள்ளும், அது எல்லாருக்கும் ஆபத்து என்றார். அவர் சொன்னது சரி. முகம் பார்க்கும் கருவி அடுத்த வருடம் வரலாம் என்றும் சொன்னார்.

மாசியில் ரைட்டர் என்னையும் கூட்டிக்கொண்டு கலாவதியக்கா வீட்டுக்குப் போனார். தனியாகப் போய்ச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். சின்னையன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கலாவதியக்கா எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

“மேல இருந்து மெயிலு வந்திருக்குதுங்க” என்று ரைட்டர் தொடங்கினார். “தொடர்ந்து வருகை இல்லாத பேரு தானா வெளிய போயிருமாம். பேரு போச்சுன்னா லைன் ஊட்டக் காலி பண்ணோணுமுங்க. ஜார்க்கண்டுல இருந்து குடும்பங்க வருது, அவங்களுக்கு ஊடு பத்தலைங்கறாங்க.”

“நாந்தான் தெனமும் வாரேனே. நீங்க பாக்கறீங்களே.”

“பாக்கறேனுங்க.”

“மேஸ்திரி பாக்கறாரு. இந்தப் புள்ளையும் பாக்குது. நீங்க பாக்கறதெல்லாம் செல்லாதுங்களா?”

“நாங்க பாக்கறது அதுக்குள்ள போகாதுங்க.”

சின்னையன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நான் மரத்துல இருந்து உளுந்தப்ப எல்லாரும் பாத்தீங்க. அன்னைக்கு எந்த மிசினும் கேக்கலை.”

ரைட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, ரேகை பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும், சித்திரை முடிய டைம் கேட்டு வாங்குகிறேன் என்றார். வாங்கவும் செய்தார்.

இருந்தது ஒரே வழிதான். கைக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை மெல்ல வளரும். பழம் பறிப்பு முடிந்திருந்ததால் கலாவதியக்கா கணவரை அற்புதத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு மாரமங்கலம் போனார். மகள் வீட்டில் அவரைப் பாத்திரம்கூடக் கழுவ விடவில்லையாம். விளக்கெண்ணெய் தடவி, கையில் பழைய காலுறையை மாட்டி உட்காரவைத்தார்களாம். திரும்பி வந்து, “பெரசவத்துக்குக்கூட என்னைய யாரும் இப்படிப் பாக்கலை” என்றார்.

மறுநாள் காலை புதிதாகப் பதிவு செய்ய வலது கை மோதிர விரலை வைத்தார். திரையில் கோடுகள் தெரிந்தன. முடியும் இடமும் பிரியும் இடமும் ஒவ்வொன்றாகப் புள்ளி விழுந்தது. பச்சை எரிந்தது. அற்புதம் கை தட்டினார். சக்திவேல் மேஸ்திரி, “செவப்பி பச்சையம்மா ஆயிட்டாளாட்ட இருக்குது” என்றார். ரைட்டர் அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் பெயர் பட்டியலில் தங்கியது. சேர்வராயன் திருவிழாவுக்குக்கூட அந்த வருடம் கையைத் தேய்க்காமல் போனார். குகை வாசலில் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாராம்.

திருவிழா முடிந்ததும் மழைக்கு முன்னால் மருந்தடிப்பு தொடங்கியது. அந்த வாரங்களில் எஸ்டேட்டில் வேறு வேலை இல்லை. ஆண்கள் மருந்து அடிப்பார்கள், பெண்கள் தண்ணீர் எடுப்பார்கள், சுண்ணாம்பு கரைப்பார்கள். கலாவதியக்காவைத் தண்ணீர் எடுக்க வைக்கச் சொல்லி நான் சக்திவேல் மேஸ்திரியிடம் கேட்டேன். சரி என்றார். ஆனால் கலாவதியக்காவின் முழங்கால் அந்தச் சரிவில் குடத்தோடு ஏற விடவில்லை. இரண்டாம் நாள் விழுந்தார். மூன்றாம் நாள் அவரே டிரம்முக்குப் போய் நின்றார். போகாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வருகை இல்லை. கொடுத்திருந்த ரப்பர் உறை விரல் நுனியில் கிழிந்திருந்ததால், கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கரைத்தார். சுண்ணாம்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கி, நாளெல்லாம் பைக்குள்ளேயே நின்றது.

அந்த வாரக் கடைசியில் மோதிர விரலுக்குச் சிவப்பு எரிந்தது. பிறகு எரிந்துகொண்டே இருந்தது.

ஆடியில் கம்ப்யூட்டர் அவர் பெயரை எடுத்துவிட்டது. ஆள் யாரும் கைவைத்து எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் பட்டியலைத் திறந்தேன், அந்த வரி இல்லை. ரைட்டர் தன் பெயரில் மெயில் எழுதினார், நான் அதை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தேன். பதில் வந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அதில் இருந்தது.

அவர்கள் போன நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. சின்னையனைக் கட்டிலோடு தூக்கிப் பிக்அப் வண்டியில் ஏற்றினார்கள். மாரமங்கலத்தில் மகளின் ஒற்றை அறைக்கு வெளியே தகரம் போட்டு ஒரு மறைப்பு கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் இருவரும் இருக்கிறார்கள். கலாவதியக்கா பக்கத்து மிளகுத் தோட்டத்தில் கூப்பிட்டால் போகிறார். அந்த லைன் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் விரலை வைத்ததும் பச்சை எரிகிறது. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெயர் போவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள், எல்லாரும் காட்டுக்குப் போன பிறகு கலாவதியக்கா ஆபீஸுக்குள் வந்தார். அதற்கு முன் அவர் வராந்தாவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மேசையருகே நின்று, கீபோர்டின்மேல் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உன்ற ஒரு வெரலுதான கண்ணு அதுக்குள்ள இருக்குது. மத்ததெல்லாம் சும்மாத்தான இருக்குது. அதுல ஏதாச்சும் ஒண்ணை எம்பேர்ல வெச்சுரு சாமி. நான் தெனமும் வந்து உனக்குப் பக்கத்துலயே நிக்கறேன். நான் வந்தவுடனே நீ தொடு. நான் வராத அன்னைக்குத் தொட வேண்டாம்.”