ஹான்சென்னின் அப்பா ஹான்சென் இல்லை

மொன்றியல் டவுன்டவுனில் வம்சாவளி தேடிக் கொடுக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என் திறமைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். திறமை கைவசம் அதிகம் இல்லாததால் ஒரு மடத்தனத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா லூசி, "மெஸ்யூ கந்தையா, டேனிஷ் பதிவேடு பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார். "வீ, வீ" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டேன். டென்மார்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே அதன் பிறகுதான் மேப்பில் பார்த்தேன்.

வாடிக்கையாளர் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த மிஸிஸ் ஹான்சென், வயது எண்பத்தொன்று, கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடாதவர். அவருடைய பூட்டன் நீல்ஸ் ஹான்சென், டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்த பண்ணைக் கூலியாள். "பெரிய ஆள் ஒன்றும் இல்லை. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயத்தில் ஒருமுறை நின்றுவிட்டு வரவேண்டும். இனி இன்னொரு பயணத்துக்கு முழங்கால் விடாது," என்றார். டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பிறந்த தேதியும் மாவட்டமும் தெரியும், ஊர் தெரியாது.

அங்கத்தைய தேவாலயப் பதிவேடுகள் ஸ்கேனாகக் கிடைக்கும். குழந்தைக்கு முதற்பெயர் மட்டும் இருக்கும். பக்கத்தில் தகப்பனின் முழுப்பெயர். நான் ஹான்சென் என்ற தகப்பனைத் தேடினேன். மூன்று வாரம் கண் எரிந்த பிறகு ஒரு நீல்ஸ் அகப்பட்டான். தகப்பன் யென்ஸ் ஹான்சென். பிறந்த தேதிதான் பதினொரு நாள் தள்ளி இருந்தது. பாதிரியார் கை தவறி எழுதியிருப்பார் என்று செத்துப்போன மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பினேன். மிஸிஸ் ஹான்சென் போனில் அழுதார். நான் ஜான்-டலோன் சந்தையில் மாம்பழம் வாங்கிக் கொண்டாடினேன்.

அவர் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் என் மனைவி அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குக் கடைசிப் பேர் சுப்பிரமணியம் எண்டு பதியப் போகினமாம்."

"அது சம்பந்தியின்ர பேரெல்லே? பிள்ளையின்ர தேப்பன் ரமேஷ். ரமேஷ் எண்டெல்லோ வரோணும்! அப்பப்பான்ர பேர் ஏன் வருது?"

"ஏன் என்னோட கத்துறியள்? இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் பதியினம். உங்களையே ஒபிசில கந்தையா எண்டு மாமான்ர பேர் சொல்லித்தானே கூப்பிடினம்."

எதிரே ஸ்கிரீனில் நீல்ஸ் ஹான்சென். 'சென்' என்றால் மகன். ஹான்ஸின் மகன் ஹான்சென். யென்ஸின் மகன் யென்சென் ஆகியிருப்பானே தவிர ஹான்சென் ஆகியிருக்க மாட்டான். அப்பாவின் பெயரான கந்தையாவை முதலெழுத்தாகச் சுமந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இது ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்க வேண்டும். வெள்ளைக்காரர் ஊர் என்றதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் சரியான நீல்ஸ் கிடைத்தான். பக்கத்து ஊர்த் தேவாலயம், மிஸிஸ் ஹான்சென் சொன்ன அதே தேதி, தகப்பன் ஹான்ஸ் பேடர்சென். அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. பிறகு மெட்ரோ எடுத்து அவர் வீட்டுக்குப் போனேன்.

மிஸிஸ் ஹான்சென் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதினொரு நாள் வித்தியாசத்தை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"பிறகு ஏன்?"

"எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்."

அவருக்கு நல்ல கோபம். பிறகு சரியான பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். 'ஹான்ஸ் பேடர்சென்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுக் கதவில் இந்த மனிதரின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்," என்றார். "யாரென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை."

ஆகவே, எந்த நாட்டுப் பதிவேட்டைத் திறந்தாலும் அங்கே பிள்ளைக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒத்துவராத தேதிக்குச் சாட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை நம்பி யாரோ ஒருவர் எங்கேயோ பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்.