என் நாத்தனாருக்கு எல்லாம் முன்னமே தெரியும்

என் நாத்தனார் வெர்லீனுக்குப் புதிதாக ஒரு செய்தி சொன்ன மனிதர் மாஸ் பாயிண்ட் ஊரில் ஒருவர்கூட இல்லை. மிசிசிப்பி மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். புயல் வருகிறது என்றாலும், இறால் விலை ஏறிவிட்டது என்றாலும், பாஸ்டர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார் என்றாலும், கையிலிருக்கும் டீயைக்கூடக் கீழே வைக்காமல், "எனக்கு முன்னமே தெரியும்" என்பாள்.

அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் சர்ச் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். ஹாலில் குழாய் உடைந்துவிட்டது என்று பொய் சொல்லி வரவழைத்தோம். தலை நிறையச் சுருட்டைக் கிளிப்பும் ஒரு காலில் மட்டும் செருப்புமாக, கையில் வாளியோடு ஓடிவந்தாள். விளக்கைப் போட்டு எல்லோரும் கத்தினோம். அவள் அலறிய அலறலில் என் புருஷன் டெல்மார் கேக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு முன்னமே தெரியும்."

"தெரிஞ்சா இந்தக் கோலத்துலயா வருவீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க ஏமாந்து போயிடக் கூடாதேன்னுதான்டி, ஜொனெல்," என்றாள் என்னிடம்.

என்ன செய்வது? டெல்மார் எனக்குக் கிடைத்தான், கூடவே அவன் அக்காவும் கிடைத்தாள்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அந்த மஞ்சள் பஸ்ஸில் எந்தப் பிள்ளை பபிள்கம்மை எங்கே ஒட்டினாலும், திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்லி அதட்டுவாள். பாதி நேரம் தப்பான பிள்ளையைத்தான் அதட்டுவாள். அந்தப் பிள்ளையும் பயத்தில் ஒப்புக்கொண்டுவிடும்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் மாவட்டச் சுகாதார நிலையத்தில் கருத்தடை ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், மாத்திரை மாதிரி தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாளாம். அதுவும் தனக்கு முன்னமே தெரியும் என்று சொல்லிக் கையை நீட்டியவள், பதினேழு வருஷம் நீட்டினாள். நடுவில் தலைவலி வந்தது. விக் இறுக்கம் என்றாள். விக்கை மாற்றினாள், வலி போகவில்லை. சர்ச் கொயரில் உச்சஸ்தாயியில் பாடும் மிஸஸ் பெட்டிஸ்தான் காரணம் என்றாள். மிஸஸ் பெட்டிஸ் மகள் வீட்டோடு டெக்ஸாஸ் போய்விட்டார், வலி போகவில்லை. கடைசியில் நான் போடும் காபி என்று தீர்ப்பு வந்தது.

ஒரு காலை, பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே அவளுக்கு வலிப்பு வந்தது. பஸ் மெல்ல உருண்டு பள்ளிக்கூட வேலியில் சாய்ந்து நின்றது. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லாததற்கு நான் இன்றுவரை தேவனுக்கு நன்றி சொல்கிறேன். ஸ்கேனில் மூளையை மூடியிருக்கும் சவ்வில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லையாம், ஆனால் குடிவந்த இடம் சரியில்லை. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். வலது கண்ணில் பாதிப் பார்வை போயிற்று. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பஸ் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது, அதுவும் போயிற்று. தழும்பைத் தொப்பியால் மறைத்துக்கொண்டாள். பஸ் போனதை எதைக்கொண்டும் மறைக்க முடியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் நின்று, வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போகும் அந்த மஞ்சள் வண்டியைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் வாயைக் கொடுக்க எனக்கே மனசு வராது.

அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்து, நான் கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டு, பிறகு மூளைச் சவ்வில் கட்டி வந்தவர்கள் உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள் என்றார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சி வந்திருக்கிறதாம். மீனை எண்ணெயிலேயே விட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

"அக்கா! அந்த ஊசிதானாம்! உங்க கட்டிக்கு அந்த ஊசிதான் காரணமாம்!"

"எனக்கு முன்னமே தெரியும்."

"எப்போ தெரியும்?"

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறந்தப்பவே."

"அப்போ நாலு வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேட்டியா?"

மீன் கரிந்துபோனது. அதுவும் அவளுக்கு முன்னமே தெரியுமாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில், ஊதா இறகு வைத்த தொப்பியோடு சாட்சி சொல்ல எழுந்தாள். "சகோதர சகோதரிகளே, ஆஸ்பத்திரிக் கட்டில்லயே தேவன் எனக்கு வெளிப்படுத்திட்டாரு! வெர்லீன், அந்த ஊசிதான்னு சொல்லிட்டாரு!" என்று கையை வீசி முழங்கினாள். கொயர் ஆமென் போட்டது. யாரோ அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட, நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் சொந்தங்கள் வரைக்கும் பார்த்தார்கள்.

விளம்பரத்திலிருந்த நம்பரைக் கூப்பிட்டதில், ஃபிலிஸ் லாட்னர் என்ற வக்கீலம்மா வீட்டுக்கே வந்தார். வெர்லீனின் சமையலறையில் உட்கார்ந்து, சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஊசி போட்ட டாக்டர் மேல கேஸ் போடறதுக்கு நாள் கடந்துடுச்சும்மா. போட்டாலும், எனக்கே யாரும் சொல்லலைன்னு அவர் சொல்வாரு. நமக்கு இருக்கறது மருந்துக் கம்பெனி மேலதான். இப்படி ஒரு ஆபத்து இருக்குன்னு நீங்க ஏன் எச்சரிக்கலைன்னு கேக்கணும். உங்களை மாதிரி ஏகப்பட்ட பெண்கள் போட்ட கேஸையெல்லாம் ஃப்ளோரிடாவுல ஒரே ஜட்ஜ்கிட்ட சேர்த்து வச்சிருக்காங்க. ஆனா அவங்கவங்க கேஸ் அவங்கவங்களோடதுதான். ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் ஜெயிச்சதா ஆகாது. ஜெயிச்சாத்தான் எனக்குக் கூலி."

"எனக்கு முன்னமே தெரியும்," என்றாள் வெர்லீன்.

"ரொம்ப நல்லதும்மா. ஒரே ஒரு சிக்கல். நம்ம மாநிலத்துல மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். இந்த மாதிரி உள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கற பாதிப்புக்கு, இன்னதாலதான் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து, இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நாள்லேருந்து, அந்தக் கணக்கு ஓடும். உங்களுக்கு ஆபரேஷன் ஆகி நாலு வருஷம். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஊசிதான் காரணம்னு முதல்ல எப்போ தெரிஞ்சுது?"

மேஜைக்கடியில் வெர்லீனின் காலை ஓங்கி உதைத்தேன். வக்கீலம்மா "ஐயோ" என்றார்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறந்தப்பவே," என்றாள் வெர்லீன்.

வக்கீலம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். "டாக்டர் சொன்னாரா?"

"அவருக்கே தெரியாது."

"எங்கேயாவது படிச்சீங்களா?"

"இல்ல."

"அப்போ எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியும்."

"அம்மா, உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. சொல்லவும் கூடாது. சத்தியம் பண்ணிட்டுப் பேசப்போறீங்க. உண்மையிலேயே தெரிஞ்சிருந்தா, போன வருஷமே உங்க கேஸ் செத்துப்போச்சு. உண்மையிலேயே தெரியலைன்னா, தெரியாதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்ததை நானோ டெல்மாரோ கேட்டதே இல்லை.

கேஸ் போட்டாயிற்று. கம்பெனி வக்கீல் கேள்வி கேட்கும் வாக்குமூலத்துக்கு முன்னால் வக்கீலம்மா இன்னொரு தடவை வந்து பழக்கிப் பார்த்தார். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்வதுதான் பயிற்சி. "மங்கோலியாவோட தலைநகரம் எது?" என்றார். "அதான், குளிரா இருக்குமே, அந்த ஊர்," என்றாள் வெர்லீன். "என் கார்ல எவ்வளவு பெட்ரோல் இருக்கு?" என்றார். "வீடு போய்ச் சேர்ற அளவுக்கு இருக்கு." வக்கீலம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, எங்கம்மா பேர் என்ன? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்க முடியும்? தெரியாதுன்னு சொல்லுங்க!"

வெர்லீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வில்மா."

வக்கீலம்மா நோட்டை மூடிவிட்டார். அவருடைய அம்மா பெயர் வில்மாதான். அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. அடுத்த ஒரு வாரம் வெர்லீனை யாராலும் அடக்க முடியவில்லை.

பிலாக்ஸியில் ஓர் ஆபீஸ் அறையில் வாக்குமூலம். நீள மேஜை, வீடியோ கேமரா, சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு அம்மாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கம்பெனி வக்கீல் ஹோல்கம் என்ற இளைஞர். வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், தொப்பியைப் புகழ்ந்தார். எனக்கு அந்தப் பிள்ளையாண்டானைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

"உங்க ஊர்ல எதைக் கேக்கணும்னாலும் வெர்லீன் அம்மாவைத்தான் கேக்கணுமாமே?"

"சொல்லிக்குவாங்க," என்று வெர்லீன் சிரித்தாள்.

அவர் சுவரிலிருந்த டி.வி.யைப் போட்டார். ஊதா இறகும், வீசிய கையும், கொயரின் ஆமெனும் அறையை நிறைத்தன. "ஆஸ்பத்திரிக் கட்டில்லயே!" என்று முழங்கிய இடத்தில் வீடியோவை நிறுத்தினார்.

"தொப்பி எனக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றாள் வெர்லீன்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இது நீங்கதானே? இதுல சொன்ன மாதிரி, நாலு வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். சரிதானே?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்தது. அவள் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பழக்கமான அந்த வார்த்தை உதடு வரைக்கும் வந்தே விட்டது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

வெர்லீன் வாயை மூடினாள். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வீட்டு மனிதர்களைத் தவிர யாரிடமும் காட்டாத தழும்பு, விளக்கு வெளிச்சத்தில் காதுக்கு மேல் வளைந்து தெரிந்தது.

"இல்ல தம்பி. எனக்குத் தெரியாது."

"அப்போ சர்ச்சுல சொன்னது பொய்யா அம்மா?"

"பெருமைக்குச் சொன்னேன். அதைத் தேவன்கிட்ட நான் தனியா பேசிக்கறேன். கண்ணைத் திறந்தப்போ எனக்கு என் பேரே வாயில வரல. இதோ இவ பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா. எனக்கு என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, ஒண்ணும் தெரியல. பயந்து செத்தேன். தெரியும்னு சொன்னா பயம் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். என் புருஷன் என்னை விட்டுட்டுப் போனப்பவும் முன்னமே தெரியும்னுதான் ஊர் முழுக்கச் சொன்னேன். அலமாரியில அவன் சட்டையெல்லாம் காணோமேன்னு பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது." அவள் ஹோல்கம் பக்கம் சாய்ந்தாள். "நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. தெரிஞ்சிருந்தா மூணு மாசத்துக்கு ஒருதரம் நானே போய் வரிசையில நின்னு கையை நீட்டியிருப்பேனா? பதினேழு வருஷம்! நான் என்ன பைத்தியமா? எனக்குத் தெரியாது, அந்த நர்ஸுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. உங்க கம்பெனிக்கு எப்போ தெரியும்? மொதல்ல அதைச் சொல்லுங்க!"

"அம்மா, இங்க கேள்வி கேக்கறது நான்தான்," என்றார் ஹோல்கம். வக்கீலம்மா ஆட்சேபம் என்று கத்தினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. கொடுத்த வாக்கை மறந்து நானும், "பதில் சொல்லுய்யா!" என்று எழுந்துவிட்டேன். அறை மீன் சந்தை ஆகிவிட்டது.

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் இரண்டு கையையும் தூக்கினார். "ஒரே நேரத்துல எல்லாரும் பேசினா நான் எப்படி எழுதறது? அம்மா, ஊசி பத்தி உங்களுக்கு எப்போ தெரியும்ங்கறதுக்கு என்ன சொன்னீங்க? பதிவுக்காகத் தெளிவா இன்னொரு தடவை சொல்லுங்க."

வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கம்பெனி போட்ட மனுவைப் பிறகு நீதிபதி ஏற்கவில்லை. வெர்லீன் அடுத்துச் சொன்ன ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டி மறுத்தார். வழக்கு இன்னும் வரிசையில் நிற்கிறது, என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. வெர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றுவரை வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொல்லாததை, எழுதுகிற கை பின்தங்கிவிடக் கூடாது என்று, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி இரண்டாம் தடவையும் சொன்னாள்.

"எனக்கு. யாரும். சொல்லல. எனக்கு. தெரியாது."