அண்ணனுக்கு எடுத்துவைத்த இரைப்பை

குடும்பத்தைப் பிரிக்கச் சொத்து வேண்டும், வழக்கு வேண்டும், குறைந்தபட்சம் வாய் நீண்ட ஒரு நாத்தனாராவது வேண்டும் என்பார்கள். எனக்கு எலுமிச்சம்பழத்தில் பாதியளவு கோழி இரைப்பை போதுமானதாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்கியிருக்கவில்லை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அந்தக் கொடியின் தயவில் காங்கோவிலுள்ள பிரசாவில் என்னும் நகரத்தில் ஆறு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். பெட்டியில் எல்லோருக்கும் சட்டைத்துணி இருந்தது. அடியில் ஈயம் வைத்து மூடிய ஒரு தகர டின். அதற்குள் அந்த ஊர்ப் பனை வகையொன்றின் காயிலிருந்து எடுத்த, செக்கச்செவேலென்ற எண்ணெய்.

"என்ன தம்பி இது, புண்ணுக்குப் போடுறதா?" என்றாள் அம்மா.

"கொழம்புக்கு, அண்ணி."

அம்மா இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். "புண்ணுக்கே போடலாம்."

சித்தப்பாவுக்கு அங்கே ஒருத்தி இருந்தாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையும். இது தெரியாத அப்பா நெடுங்காட்டில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார். அண்ணன் சம்மதித்தால் இருவரையும் இங்கே அழைத்துவந்துவிடுவது என்பது சித்தப்பாவின் திட்டம். சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் திட்டம் இல்லை. அப்பா எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்பார். பிறகுதான் என்னவென்று விசாரிப்பார். ஆகவே விஷயம் அம்மாவுக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது என் பொழுதுபோக்கு என்பதால் எனக்கும் தெரியும்.

"அவ அங்க வைக்கிற கொழம்ப நானே வைக்கிறேன், மொதல்ல அண்ணன் சாப்புடட்டும். அப்பறம் சொல்றேன்" என்றார் சித்தப்பா.

"சாப்புட்ட கையோட சொல்லிடுங்க தம்பி. கை காஞ்சிதுன்னா அவங்க பழையபடி ஆயிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அடுப்படிக்குள் நுழைந்தார். கோழியைச் சிவப்பெண்ணெயில் வதக்கி, வெங்காயமும் தக்காளியும் சேர்த்து, வறுத்த வேர்க்கடலையை அம்மியில் வெண்ணெய் போல் அரைத்து ஊற்றினார். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து இடித்து உருண்டையாக்கினார். கொல்லையிலிருந்து அதன் இலையையும் பறித்துவந்து, இடித்து, இரண்டு தண்ணீர் வடித்து வேகவைத்தார்.

"அந்தத் தழைய ஆடே யோசிச்சுத்தான் திங்கும், தம்பி."

"ஆட்டுக்குச் சமைக்கத் தெரியாதுல்ல, அண்ணி."

அம்மா மூன்று முறை கறிவேப்பிலையோடு சட்டியை நெருங்கினாள். மூன்று முறையும் சித்தப்பா குறுக்கே வந்தார். குழம்பு இறங்கியதும் இரைப்பையைத் தேடி எடுத்து ஒரு எனாமல் கிண்ணத்தில் போட்டு, மூடி, மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். கோழி அடித்தால் ஈரலும் இரைப்பையும் சின்னப் பிள்ளைக்கு. வீட்டில் சின்னப் பிள்ளை நான் ஒருத்திதான். மூடி வைத்தது என்றால் எனக்கு வைத்தது. ஆறு வருடம் கடல் கடந்தும் சித்தப்பா இதை மறக்கவில்லையே என்று நெகிழ்ந்துபோய் அதைத் தின்றேன்.

தலை சீவி, கஞ்சி போட்ட சட்டையில் சித்தப்பா திரும்பி வந்து மூடியைத் திறந்தார். கிண்ணத்தில் சிவப்பாக எண்ணெய் மட்டும் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"புள்ளைக்குத்தானே எடுத்து வச்சீங்க, தம்பி?"

"அங்க இது வீட்டுப் பெரியவருக்குத்தான், அண்ணி. இத அண்ணனுக்கு வச்சிட்டுத்தான் வாயத் தொறக்கணும்னு அவ சொல்லிவிட்டா."

கூடத்தில் இலை முன் உட்கார்ந்திருந்த அப்பா குரல் கொடுத்தார். "என்னடா, கோழி இன்னும் உசுரோட இருக்கா?"

"வேற நல்ல துண்டா வச்சிட்டுப் பேசுங்க தம்பி. சிரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"அது செல்லாது, அண்ணி."

அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கறிவேப்பிலை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு. கை காயும்வரை உட்கார்ந்து, "அடுத்த ஞாயித்துக்கெழம நெடுங்காட்டுக்குப் போவமா?" என்றார்.

"லீவு பத்தாதுண்ணே. அடுத்த தடவ பாப்போம்."

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்த மாதமே புதுச்சேரி போய்க் கப்பல் ஏறினார். சில வருடம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அப்பா ஓய்வுபெற்றபின் ஒருநாள் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார் அவர். "சொல்லியிருப்பீங்க" என்றாள் அம்மா. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கோழிக்குழம்பு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிணற்றடியில் ஒளிந்திருந்த என்னிடம் சித்தப்பா வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "எப்படி இருந்துச்சு?" என்றார். "மெல்லவே முடியல" என்றேன். சிரித்தார். மன்னித்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு ஓடினேன்.

பயந்த மனிதருக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தாலும் அப்படித்தான் சிரிப்பார் என்பது ஒன்பது வயதில் தெரியவில்லை. நான் பயந்ததெல்லாம் எனக்கு விழப்போகும் அடிக்கு. கடலுக்கு அப்பால் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கப்பலுக்குக் காத்திருப்பாள், இறங்கியவரிடம் முதல் கேள்வியாக அந்த இரைப்பையைப் பற்றித்தான் கேட்பாள் என்று தோன்றவே இல்லை. வீட்டில் சாப்பிட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தால், அது பொய்யும் இல்லை.