ஜீப் கிளம்பாத காலைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினோம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். அவன் கல்யாணத்தில் அவனுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் கம்பமெட்டு மலைப்பாதை வழியாக மேலே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவதுதான் தொழில். ஒரு நாள் அவன் ஓட்டினால் மறுநாள் நான். என் வீட்டுச் சந்துக்குள் ஜீப் நுழையாது. அதனால் வண்டி அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் கார்த்திகை பிறந்து பனி விழ ஆரம்பித்ததும் வண்டி மக்கர் செய்தது. விடிவதற்கு முன்னால் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எப்போதும்போல எரிந்து அணையும். செல்ஃப் சுற்றும், வெள்ளைப் புகை வரும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. யார் ஓட்டும் முறையானாலும் இருவரும் வந்து தோள் கொடுத்துத் தள்ளுவோம். கூட்டாளி வீட்டுக்குள் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து இன்ஜின்மேல் ஊற்றுவான். அதற்கும் மசியாவிட்டால் துணியில் டீசலை நனைத்துக் கொளுத்தி, காற்று போகும் வாயில் காட்டுவான். ஒரு தடவை அதில் அவன் விரல் வெந்து கொப்புளம் போட்டது. நான்தான் மருந்து தடவிவிட்டேன்.

வண்டி உயிர் பெறுவதற்குள் விடிந்திருக்கும். தோட்டத்துக்கு நேரம் தவறிப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. பெண்கள் பதறுவார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொரு ஜீப் அந்த வழியாக வரும். அது கூட்டாளியுடைய மச்சான் வண்டி, அவன் பெண்டாட்டிக்கு அண்ணன். "ஏறுங்கக்கா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்பார். பாதிப் பேர் அதில் ஏறிப் போவார்கள். நல்ல மனுஷன் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறேன்.

மார்கழியில் பாதி நாள் இதே கதைதான். எங்கள் வண்டியில் முதல் நாளிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அக்கா, "ஏந்தம்பி, ஒன் வண்டிய நம்பி வந்து நிக்கிறதுக்கு நாங்க நடந்தே மலையேறிருவோம் போல" என்றாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. பக்கத்தில் நின்ற கூட்டாளியும் தலையைக் குனிந்துகொண்டான்.

"பம்பு போயிருச்சு மாப்ள. இதுக்கு மேல இத வச்சு மாரடிக்க முடியாது. வந்த வெலைக்குத் தள்ளிவிட்ருவோம்" என்றான் அவன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "காலையில மட்டும்தானே? ஒரு தடவ ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு இல்லையே? அப்ப ஹீட்டர் பிளக்தான்" என்றார் அவர். இன்ஜினுக்குள் சின்ன விரல் மாதிரி நான்கு பிளக் இருக்கும், சாவி போட்டதும் அவை பழுத்து உள்ளே சூடு ஏற்றினால்தான் குளிரில் டீசல் பற்றும் என்று விளக்கினார். நான் தேனிக்கு பஸ் ஏறிப் போய் நான்கும் புதுசாக வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வைத்து மாட்டினார். பழைய நான்கையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். திங்கள் காலை சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. பெண்கள் குலவை போட்டுச் சிரித்தார்கள்.

புதன்கிழமை மறுபடியும் புகை, தள்ளல், வெந்நீர்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். பழைய பிளக்குகளை ஒவ்வொன்றாக பேட்டரியில் வைத்துக் காட்டினார். நான்கும் நுனி சிவந்து கங்காகப் பழுத்தன.

"இதுல ஒண்ணுகூடக் கெடல. நான் அன்னைக்கே சோதிச்சுப் பாத்திருக்கணும், தப்பு என்னுது" என்றார். பிறகு வண்டியில் வயரைப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தது, கரண்டும் வந்தது. "இப்பப் பாத்தா சரியாத்தேன் இருக்கு. காலையில ஸ்டார்ட் ஆகாதப்ப, ஒரு கையும் வைக்கிறதுக்கு முன்னாடி நீயே தொறந்து இந்த வயரப் பாரு" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாளும் கிளம்பவில்லை. கூட்டாளி வழக்கம்போல வெந்நீருக்கு உள்ளே போனான். நான் பானட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். பிளக்குகளுக்குக் கரண்டு கொண்டுபோகும் வயர் கழற்றப்பட்டு, பக்கத்துக் குழாய்க்குப் பின்னால் மடித்துச் செருகி வைக்கப்பட்டிருந்தது. நட்டு தொலைந்துவிடாமல் பழைய இடத்திலேயே இரண்டு சுற்று மாட்டியிருந்தது. தானாகக் கழன்ற வயர் தன்னை மடித்துச் செருகிக்கொள்ளாது. ஸ்டார்ட் ஆனதும் "ஆயில் பாக்குறேன்" என்று பானட்டுக்குள் குனிந்து, அவனே மூடுவானே, அது நினைவுக்கு வந்தது. கழற்றியதைத் திரும்ப மாட்டியது அப்போதுதான். வயரை மாட்டி முடுக்கினேன். மஞ்சள் விளக்கு அணையும்வரை இருந்து சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்தது.

வெந்நீர்ப் பானையோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயும் ஏறு" என்றேன்.

பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"எதுக்குடா?"

அவன் கீழே பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு இருந்தான். "மச்சான் அவுக வண்டியையும் இதையும் சேத்து ஓட்டுவோம்னு சொன்னாக. ஒன்னைய வச்சுக்கிட்டு முடியாதுன்னாக. அவுக பேச்ச வீட்டுல தட்ட முடியல. ஒன்ட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல மாப்ள. வண்டி சரியில்லன்னு நீயே வெறுத்துப்போய் வெலகிக்கிட்டா, நமக்குள்ள சங்கடம் இருக்காதுன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குடா எங்கூடச் சேந்து தள்ளுன?"

"நீ ஒத்தையாத் தள்ளுறதப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. கூலி இழந்து திரும்பிப்போன பொம்பளைகளைச் சொல்லித் திட்டினேன்.

அந்த வாரமே வண்டியை அவனிடம் விட்டு விலகினேன். அவன் திட்டமும் அதுதான் என்று தெரிந்தே விலகினேன். கழற்றி மடித்த வயருக்குப் பிறகு அவனோடு ஒரே சீட்டில் உட்கார என்னால் முடியாது. திராட்சை வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டப் போனேன். மதுரை, எர்ணாகுளம் என்று வாரம் முழுக்க வெளியூர். நடந்ததை மெக்கானிக்கைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனைவிட எனக்குத்தான் வெட்கம் என்று தோன்றியது. ஏன் அப்படி என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். வழியில் பார்த்தால் "சாப்பிட்டியா மாப்ள" என்பான். சாப்பிட்டேன் என்பேன். நேராக வந்து கேட்டிருந்தால் ஜீப்பை விட்டுக்கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாட்டேன். தெருவே கூடுகிற அளவுக்குச் சண்டை போட்டிருப்பேன், ஆறு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு நல்லது கெட்டதில் சேர்ந்திருப்போம்.