மெலோர் என்றொரு டுரியான் மரம்

கோடாரி விழுந்த பச்சை மரத்தின் வாடை கொஞ்சம் புளிப்பாக மூக்கைக் குத்தும். மலாய் நாடு சுதந்திரமடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, பள்ளி விடுமுறையில் எங்கள் ஊரான காஜா பெராங்கிலிருந்து அப்பாவோடு லோரியில் ஆயர் குரோ காட்டுக்குப் போய்வந்த ஒன்பது வயதுச் சிறுமியான என் பாவாடையிலும் அது ஏறியிருந்தது. சாலை போடக் காடு வெட்டிய ஆறு பேருக்கு அப்பாதான் ‘மண்டோர்’, மேற்பார்வையாளர்.

அன்று காய் பிடித்திருந்த பெரிய டுரியான் மரத்தில் முதல் வெட்டு விழுந்ததும், பூர்வகுடிப் பெண் ஒருத்தி ஓடிவந்து, வெட்டுப்பட்ட இடத்தை முதுகால் மறைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த மக்களை எங்கள் தெருவில் ‘சக்காய்’ என்பார்கள். அது இழிசொல் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கோடாரியை ஓங்கிய முனியன் கையை இறக்கவில்லை. “தள்ளிப் போகச் சொல்லுங்க மண்டோரே. துவான் வந்தா நம்ம வேலை போயிரும்.”

அப்பா அவள் எதிரில் குந்தி மலாயில் விசாரித்தார். பிறகு எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார்: “இவங்க அம்மா பொறந்த அன்னிக்குத் தாத்தா நட்டதாம். அம்மாவுக்கும் மரத்துக்கும் ஒரே பேரு, மெலோர். இவங்ககிட்ட நெலப் பத்திரம் இல்ல. நட்ட மரந்தான் பத்திரம்.”

அதற்குள், எல்லோரும் ‘துவான்’ என்று அழைத்த சாலைக் குத்தகைக்காரரின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கவேயில்லை. “அஞ்சு நிமிஷம். வெட்டுறியா, வேற ஆளைக் கூப்பிடவா?” என்றார்.

அப்பா முனியன் கையிலிருந்த கோடாரியை வாங்கினார். வெட்டத்தான் போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டுத் திறந்தபோது கோடாரி ஜீப்பின் பின்பக்கம் கிடந்தது.

“வேற ஆளைப் பாத்துக்குங்க, துவான்.”

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா அழுதபடியே கேட்டாள்: “ஒரு மரத்துக்காகவா சோத்துல மண்ணப் போட்டீங்க?”

“வெறும் மரமா இருந்தா வெட்டியிருப்பேன்,” என்றார் அப்பா.

மூன்றாம் நாள் வேறு ஆட்கள் அதை வெட்டிச் சாய்த்துவிட்டதாக முனியன் வந்து சொன்னார். அப்பா அதன்பின் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மளிகை மூட்டை தூக்கப் போனார்.

இன்று ஆயர் குரோவில் நெடுஞ்சாலைகள் கூடுகின்றன, தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தக் குடும்பம் எங்கே போனதென்று சொல்ல ஆளில்லை. மரத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நாங்கள், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவேயில்லை.