பார்ட்னரை மாற்றித் தரச் சொன்னேன்

எண்பத்தெட்டாம் வருஷம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு. நானும் சளைக்காமல் விளக்கம் சொல்வேன். மனித மனசே என் கைக்குள் வந்துவிட்டது போல அப்போது ஒரு மிதப்பு.

எங்கள் லேபில் தவளையும் கிடையாது, ஆசிட்டும் கிடையாது. எங்களுக்கு வேண்டியது ஆள்தான். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருத்தி சோதனை செய்வாள், இன்னொருத்தி உட்காருவாள், பிறகு மாற்றிக்கொள்வோம். வருஷம் முழுக்க அதே ஜோடி, கடைசிப் பரீட்சைக்கும் அதே ஜோடி.

எனக்கு வாய்த்த பார்ட்னருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவள் அப்பா தாம்பரம் ஸ்டேஷனில் போர்ட்டர். நன்றாகப் படிப்பாள், வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் எங்கள் சோதனைகளில் பாதி கண்ணை நம்பியவை. இவளை வைத்துக்கொண்டு எப்படி ரெக்கார்டு முடிப்பது என்று முதல் வாரமே டிபார்ட்மெண்ட் ஹெட்டிடம் போய், பார்ட்னரை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். முடியாது என்றுவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே ஸ்பெஷல் எஜுகேஷன் படித்து ஊனமுற்ற குழந்தைகளுக்குச் சேவை செய்வதுதான் என் லட்சியமாம்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கண் சம்பந்தப்பட்ட சோதனை என்றால் அடுத்த டேபிளில் யாரையாவது கெஞ்சிக் கூட்டி வந்து உட்கார வைப்பேன். அவள் ஓரமாக ஸ்டூலில் இருப்பாள். பாவம், அவளை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

பிராக்டிகல் பரீட்சை வந்தது. சீட்டு எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து வரையும் சோதனை.

ஒரு உலோகத் தகட்டில் நட்சத்திர வடிவில் ஒரு பாதை பதித்திருக்கும். கை தெரியாதபடி மேலே ஒரு தடுப்பு. எதிரே நிற்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, பேனா மாதிரி ஒரு குச்சியால் அந்தப் பாதையைச் சுற்றி வர வேண்டும். விலகினால் பஸ்ஸர் அடிக்கும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் முதல் சுற்றில் எல்லோருமே திண்டாடுவார்கள். சுற்றச் சுற்றத் தவறு குறையும். அந்த முடிவுரையை நான் முன்னாலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அவளைப் பார்த்தார். வேறு சீட்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மார்க் குறையும் என்றார். அந்த மார்க் போனால் எனக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் சீட் கிடைப்பது சந்தேகம். வேறு வழியில்லாமல் சீட்டு டப்பா பக்கம் கையை நீட்டினேன்.

"சார், நான் உக்கார்றேன்" என்றாள் அவள்.

இடது கையையும் தகட்டின் மேல் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சரி, அதையும் எழுதிவிடு என்று என்னிடம் சொன்னார்.

பாதை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், மற்ற இடமெல்லாம் வழவழப்பு. ஒரு வருஷம் அந்தத் தகட்டைக் கையாண்ட எனக்கு அது தெரியவே தெரியாது. அவளுடைய ஆள்காட்டி விரல் முன்னால் போக, குச்சி பின்னாலேயே போனது. ஒவ்வொரு முனையிலும் நின்று, யோசித்து, திரும்பியது. ஒரே ஒரு முறைதான் பஸ்ஸர் அடித்தது. அடுத்த சுற்றில் அதுவும் இல்லை. முதல் சுற்றுக்கு ஸ்டாப்வாட்சை நிறுத்தக்கூட மறந்திருந்தேன்.

எக்ஸாமினர் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தார். பஸ்ஸர் விடாமல் அலறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், இடது விரலை நகர்த்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. லேபில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை என்னன்னு எழுதப் போற?" என்று என்னைக் கேட்டார்.

மனப்பாடம் செய்தது எதுவும் உதவவில்லை. தெரியவில்லை சார் என்றேன். நடந்ததை அப்படியே எழுது என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போனார்.

வெளியே வந்ததும், நீ காப்பாற்றிவிட்டாய் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நீ ஹெட்டாண்ட போனது எனக்குத் தெரியும்டி. அத்த விடு. ஒரு வருசமா பக்கத்துலதான் உக்காந்துகினு கீறேன். உன்னால முடியுமான்னு ஒரு தபாகூட என்னக் கேக்கலியே நீ."

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் பசிக்கிறது என்று சொல்லி கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டிகிரி முடிந்ததும் எனக்கு சீட் கிடைத்தது. ஸ்பெஷல் எஜுகேஷன் முடித்து, தாம்பரத்தைச் சுற்றியே பல வருஷம் டீச்சராக இருந்தேன். பெற்றோர்கள் முன்னால் உட்கார்ந்து, இந்தக் குழந்தைக்கு இது வராது என்று ரிப்போர்ட்டில் எழுதப் போகும்போது கை நின்றுவிடும். பேனாவை வைத்துவிட்டு முதலில் அந்தக் குழந்தையிடம் கேட்பேன். அப்படியும் அவசரத்தில் கேட்காமலே எழுதிய பேப்பர்கள் சில உண்டு. அந்தக் குழந்தைகளின் முகம் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.