மலை இல்லாத ஊரில் ஒரு மலைச்சாமான் கடை

பழைய நாற்காலி வாங்க வருபவர் அதில் யார் உட்கார்ந்தார் என்று கேட்பதில்லை. பழைய மலைப்பை வாங்க வருபவர் மட்டும் அது எந்த மலைக்குப் போனது என்று கேட்காமல் பர்ஸைத் திறக்கவே மாட்டார்.

பழைய சாமான் விற்றுப் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை கொஞ்சம் தெரிந்திருக்கும். எங்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம், எங்கள் ஊரில் மலையே கிடையாது. புக்கித் தீமா என்று ஒரு மேடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாதாரணச் செருப்போடு அதில் ஏறி இறங்கிவிட்டு, இட்லி தீர்வதற்குள் தேக்கா சந்தைக்கு வந்துவிடலாம். அப்படிப்பட்ட சிங்கப்பூரில் நாங்கள் மலையேறும் சாமான் விற்றோம், அதுவும் பழையது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே மசாலா அரைக்கும் கடை, மேலே நாங்கள். முதுகுப்பை, பூட்ஸ், குளிர் ஜாக்கெட், ஊன்றுகோல், கூடாரம் எல்லாம் இருக்கும். எல்லாமே யாரோ மலை ஏறி முடித்தவை, அல்லது ஏறப்போகிறேன் என்று வாங்கி ஏறாமலே விட்டவை. எந்த ஜாக்கெட்டை எடுத்து உதறினாலும் மல்லித்தூள் வாசனை வரும். கடை என் வீட்டுக்காரர் தனபாலுடையது. சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். நேப்பாளத்துக்குப் போகிற குழுக்களின் மூட்டைகளை ஏற்றி இறக்கியே அவருக்கு மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு கல்லாவில் வந்து உட்கார்ந்தவள். எனக்கு மலை என்றால் பழனி, அதுவும் வின்ச்சில்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கிற கினபாலு மலையின் உச்சியில் ஒரு தடவை நிற்க வேண்டும். வருஷா வருஷம் போகிறேன் என்பார், வருஷா வருஷம் ஏதாவது குறுக்கே வரும். பெண்ணுக்குக் கல்யாணம், கடைக்குக் கூரை ஒழுகல், பேரன் பிறப்பு. இதற்கிடையில் அவருடைய வலது முட்டி தேய்ந்துகொண்டே வந்தது. உச்சிக்குப் போவது முதலிலா, முட்டி போவது முதலிலா என்பதுதான் எங்கள் வீட்டில் பல காலம் ஓடிய பந்தயம்.

அங்கிள் ஏறிய மலை

கடை திறந்த புதிதில் ஒரு பையன் வந்தான். ஐடி வேலைக்காக சென்னையிலிருந்து வந்தவன், இமயமலைப் பக்கம் போகப்போகிறானாம். இவர் அவனைச் சுலபத்தில் விடவில்லை. பையைக் காலியாக மாட்டிப் பார்க்கக் கூடாது என்பது இவர் சட்டம். கடையில் அதற்கென்றே இரண்டு அரிசி மூட்டை கிடக்கும். ஒன்றை உள்ளே போட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்கி, கடைக்குள்ளேயே சுற்றி நடக்க விடுவார். பாரம் இடுப்பில் உட்கார்ந்தால் அது உன் பை, தோளைப் பிடித்து இழுத்தால் அது வேறு யாருடைய பையோ என்பார்.

பையன் அசந்துபோய்விட்டான். இவ்வளவு தெரிந்த மனிதர் எவ்வளவு ஏறியிருப்பார் என்று நினைத்து, "அங்கிள், நீங்க இதுவரைக்கும் எந்தெந்த மலை ஏறியிருக்கீங்க?" என்று பக்தியோடு கேட்டான். நான் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் கொஞ்சம்கூட அசரவில்லை. அரிசி மூட்டையை வெளியே எடுத்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் கடை மாடிப்படிதான் தம்பி. லிஃப்ட் கிடையாது பாரு."

திருச்சிக்குப் போன பை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்து நிறைய தமிழ்நாட்டுத் தம்பிகள். துவாஸ் கப்பல் பட்டறை, கட்டுமான சைட் எல்லாவற்றுக்கும் அன்றுதான் லீவு. முருகேசன் என்று பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், சாரம் கட்டுகிற வேலை. ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்க மேலே ஏறி வந்தான். சுவரில் பாறை ஏறுகிறவர்களின் இடுப்பு வார் ஒன்று அழகுக்காக மாட்டியிருந்தோம். பழைய கயிறும் பழைய வாரும் இவர் விற்கமாட்டார், உயிர் தொங்குகிற சாமானைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். முருகேசன் அதைத் தொட்டுப் பார்த்து, "தெனம் இதக் கட்டிக்கிட்டுத்தான்க்கா தொங்குறேன். இதுக்குக் காசு குடுத்து வேற தொங்குறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அடுத்த வாரமே திரும்பி வந்தான். தங்கை கல்யாணத்துக்குத் திருச்சி வழியாக ஊருக்குப் போகிறானாம், இருப்பதிலேயே பெரிய பை வேண்டுமாம். கையோடு பால் பவுடர் டின், தைலப் பாட்டில், சாக்லேட் மூட்டை, இரண்டு போர்வை எல்லாம் கொண்டுவந்து கடைக்கு நடுவில் பரப்பிவிட்டான். இவருக்கு ஏகக் குஷி. கனமானது முதுகை ஒட்டி, லேசானது அடியில் என்று மலைக்கு அடுக்குகிற மாதிரியே அடுக்கிக் கொடுத்தார். பை முருகேசன் தலைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து நின்றது. இதை விமானத்துக்குள் விடமாட்டார்கள், எடை போடுவார்கள் என்று நான் எச்சரித்தேன். அவன் ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "கையில தூக்குனாத்தானக்கா எடை போடுவான். நான் முதுகுலல்ல போட்டிருக்கேன்."

புதுசு வேண்டாம்

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், பெயர் கவிதா. தோழிகளோடு இந்தோனேசியாவில் ரிஞ்சானி மலை ஏறப் போகிறாள். நான் நல்லதாக ஒரு பையை எடுத்துப் போட்டேன். ஒரு கீறல் கிடையாது, ஜிப் வெண்ணெய் மாதிரி ஓடும். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த சாயம் போன பை ஒன்றை எடுத்தாள். அதன் உள்பூச்சு உரிந்து, கைவிட்டால் மாவு மாவாக ஒட்டும். அதன் மேல்புறத்தில் யாரோ தான் ஏறிய மலைகளின் பெயர்களைத் துணிச் சின்னங்களாகத் தைத்திருந்தார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

மழையில் நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஊறிப்போகும் என்று படித்துப் படித்துச் சொன்னோம். கேட்கவில்லை. கடைசியில் இவர் ஒரு வழி செய்தார். கத்திரியை எடுத்துச் சின்னங்களை எல்லாம் பிரித்துவிட்டு, "இப்ப எடுத்துக்கம்மா" என்றார். வெறும் பையாகப் பார்த்ததும் அவளுக்கே அது பிடிக்கவில்லை. நல்ல பையைத்தான் வாங்கிப்போனாள். படியில் இறங்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, பை புதுசா தெரிஞ்சா ஆளும் புதுசுன்னு மத்தவங்க ஹெல்ப் பண்ண வந்துடுவாங்க லா, அதான் பயம்."

பத்திரமாக வைத்த பூட்ஸ்

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் வருத்தமும் வருகிறது. பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கையில் பெட்டியோடு ஒரு ஜோடி தோல் பூட்ஸ். ஒரே ஒரு தடவை போட்டதாம், பிறகு வீட்டு ஷெல்டரில் பத்திரமாக வைத்திருந்தாராம். எங்கள் அடுக்குமாடி வீடுகளில் குண்டு விழுந்தால் ஒதுங்குவதற்கென்று ஓர் இரும்புக் கதவு அறை உண்டே, யுத்தம் வராததால் எல்லோரும் அதில் பழைய சாமான் போட்டு வைக்கிறோமே, அதுதான்.

பூட்ஸ் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. போடாமல் வைக்கிற பூட்ஸ்தான் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் முதலில் கெட்டுப்போகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடிப்பாகத்தில் இருக்கிற ரப்பர் நுரை, நடந்து நடந்து அமுங்கினால் பல காலம் உழைக்கும், சும்மா வைத்தால் உள்ளுக்குள்ளேயே உதிரும். இவர் அதைப் பக்குவமாகச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அந்த மனிதர் தானே மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார். நாலு எட்டு வைப்பதற்குள் அவர் ஒரு பக்கம் வர, இரண்டு அடிப்பாகமும் கடைத் தரையிலேயே நின்றுவிட்டன. அவர் முகம் சுருங்கிவிட்டது. மனைவி குனிந்து அந்தத் தூளைக் கைக்குட்டையால் கூட்டிக்கொண்டே சொன்னார்: "அப்புறம் போகலாம் அப்புறம் போகலாம்னு நீங்க காத்திருந்தீங்க. பூட்ஸ் காத்திருக்கல."

லிஃப்டில் இறங்கியவர்கள்

அவர்கள் வந்துபோன மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது இவர், கினபாலுவுக்கு இரண்டு பேருக்கு இடம் பதிவு செய்துவிட்டேன் என்றார். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டேன். என்னையே பார்த்தார். முட்டி வலிக்காரரைத் தனியாக அனுப்ப எனக்கும் மனசு வரவில்லை.

மலை இல்லாத ஊரில் பயிற்சி எடுப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முதுகில் அரிசியைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடிப் படிக்கட்டில் உச்சி மாடி வரை ஏறுவோம், லிஃப்டில் இறங்குவோம், மறுபடி ஏறுவோம். இறங்கும்போதுதான் முட்டி தேயும், அதனால் லிஃப்ட். தீவு முழுக்க எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நாங்களும் தோ பாயோவில் எங்கள் புளோக்கில் தினமும் சாயங்காலம் ஏறினோம். ஆரம்பத்தில் எனக்கு ஏழாவது மாடியிலேயே உயிர் போயிற்று. போகப் போகப் பழகிவிட்டது, நடுவில் நின்று அவருக்காகக் காத்திருக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. கீழே லிஃப்ட் பக்கத்தில் கல் மேசையில் தினமும் உட்கார்ந்திருக்கும் மேரி ஆன்ட்டி, நாங்கள் பெரிய பைகளோடு லிஃப்டிலிருந்து இறங்குவதை மட்டும்தான் பார்ப்பார், படிக்கட்டு பின்பக்கம் என்பதால் ஏறுவதைப் பார்த்ததில்லை. ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "வீடு மாறுறதுக்கு இப்படித் தெனம் ரெண்டு பையா எறக்குறீங்களே, ஒரு லாரி கூப்பிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடாது?"

உச்சி

கினபாலு மலையின் பாதி உயரத்துக்கு மேல் ஒரு தங்குமிடம் உண்டு. முதல் நாள் அதுவரை ஏறிவிட்டு, மறுநாள் விடிவதற்கு முன் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். தங்குமிடம் வரை இவர் ஏறிவிட்டார், ஏறுவதில் எங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் இடையிடையே பாதை கொஞ்சம் இறங்கும். அந்தச் சின்னச் சின்ன இறக்கங்களிலேயே முட்டி வீங்கிவிட்டது. இத்தனை மாதம் இறங்கிப் பழகவே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

எங்கள் வழிகாட்டி ஜூலியானா, அந்த மலையடிவாரத்துப் பெண். வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு எங்களுக்குப் புரிகிற மலாயில் பொறுமையாகச் சொன்னாள். உச்சிவரை ஏற இந்த முட்டி தாங்கும், ஆனால் அதன் பிறகு அடிவாரம்வரை இறங்கத் தாங்காது, தூக்கித்தான் இறக்க வேண்டும், எது வேண்டுமென்று அங்கிளே சொல்லட்டும் என்றாள். இவர் பிறகு தன் கையுறையைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். "நீ போய்ட்டு வா சரோ." நான் மாட்டேன் என்றேன். நீங்கள் இல்லாமல் எனக்கு எதற்கு இந்தக் கல்லு மலை என்று கத்தினேன். அவர் அசையவில்லை. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஒருத்தராவது பார்க்காமல் போனால்தான் தாங்காது என்றார். அழுதுகொண்டேதான் கிளம்பினேன்.

உச்சியில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது. ஒரு துளி மேகம் கிடையாது. பாறை முழுக்க வெயில் மஞ்சளாகப் பரவியது, தூரத்தில் கடல், மலையின் நிழல் மட்டும் கீழே காடுகளின்மேல் முக்கோணமாக விழுந்து கிடந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் போனை வெளியே எடுக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க இதற்கு ஆசைப்பட்ட மனிதர் கீழே போர்வைக்குள் உட்கார்ந்திருக்க, வின்ச்சில் ஏறுகிறவள் இங்கே நிற்கிறேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இறங்கி வரும் வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தங்குமிடத்துக்குள் நுழைந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே, "ஒரே மூடுபனிங்க, எதிர்ல நிக்கிற ஆளே தெரியல. நீங்க வராததே நல்லது" என்றேன். அவர் எழுந்து வந்து என் ஜாக்கெட்டைக் கழற்ற உதவினார். தோளை, கைப்பகுதியை, கழுத்துப் பட்டையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "மூடுபனியில நின்னா ஜாக்கெட் இப்படியா காஞ்சிருக்கும்? உக்காரு சரோ, மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். மறுபடி அடிவாரம்வரை, அவர் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க, நான் பிடித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது கடை இல்லை, கட்டடக்காரர் அதை ஓட்டலாக்கிவிட்டார். சந்துப் பக்கம் போனால் மல்லித்தூள் வாசனை வரும்போது மட்டும் இரண்டு பேரும் சற்று நின்றுவிட்டுப் போவோம். பழைய வாடிக்கையாளர்கள் யாராவது வழியில் பார்த்து, அண்ணன் கடைசியில் உச்சிக்குப் போனாரா என்று கேட்டால், இவர் கூசாமல் பதில் சொல்வார்: "ஆள் அனுப்பிப் பாத்தாச்சு."

இத்தனை வருஷம் பழைய சாமான் விற்று நான் மிச்சம் பிடித்தது ஒரே ஒரு வேலைதான், அவர் கால் படாத உச்சியை அவருக்கு விவரிப்பது, அதிலும் ஒவ்வொரு தடவையும் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று என்னைத் திருத்துகிறார்.